1851 லண்டன் கண்காட்சியின் பழைய படநூல்களைச் சேகரிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1851 மே 1 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா அரசி திறந்துவைத்த மாபெரும் கண்காட்சி ஐந்தரை மாதம் நடந்தது. அறுபது லட்சம் நுழைவுகள் பதிவாயின. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த, கிரிஸ்டல் பேலஸ் என்று பெயர்பெற்ற அந்த இரும்பும் கண்ணாடியுமான கட்டிடத்தின் நீளம் 1,848 அடி. பூங்காவில் நின்ற பெரிய எல்ம் மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேலாகவே கூரையை எழுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் கட்டிடம் பிரிக்கப்பட்டு, சிடனம் என்ற இடத்தில் வேறு உருவத்தில் எழுந்தது. 1936 நவம்பர் 30 இரவு அதுவும் எரிந்து போனது. உள்ளே இருந்த பொருள்கள் பல நாடுகளுக்குச் சிதறிவிட்டன. இன்று நாம் அந்தக் கூடத்துக்குள் நடந்து பார்க்க வேண்டுமென்றால் அக்காலத்துப் படநூல்களைத்தான் திறக்க வேண்டும்.

இந்த நூல்களைச் சேகரிக்க விரும்பும் தமிழ் வாசகருக்காக இதை எழுதுகிறேன். எத்தனை நூல்கள் இருக்கின்றன என்பதைவிட, ஒரே கண்காட்சியை எத்தனை விதமான அச்சில் பார்க்க முடிகிறது என்பதே ஒரு சேகரிப்பின் பெருமை. மரக்கட்டையிலும் எஃகுத் தகட்டிலும் சுண்ணாம்புக் கல்லிலும் புகைப்படத்திலும் ஒரே கூடம் நான்கு விதமாகத் தெரியும். அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள் வரைக்கும் பொறுமையாக வாங்கலாம்.

ஒரு கண்காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவார்கள்: 1867 பாரிஸ் ஒன்று, 1873 வியன்னா ஒன்று, 1876 ஃபிலடெல்ஃபியா ஒன்று. சில ஆண்டுகளில் அலமாரி நிறைந்துவிடும். ஆனால் ஒரு நூலுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஒரே கண்காட்சியில் நின்றால், முதல் நூலில் பார்த்த நீரூற்று மூன்றாம் நூலில் வேறு கோணத்தில் வரும். ஒரு நூலில் பெயர் மட்டும் இருந்த நெசவுத் துணிக்கு இன்னொரு நூலில் வண்ணம் கிடைக்கும்.

1851-ஐ நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. எளிய நூல்கள் அன்று பெருமளவில் அச்சானதால் இன்னும் சந்தையில் கிடைக்கின்றன. முக்கியமான நூல்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஆகவே பணம் போடுவதற்கு முன்பே பாடம் கற்கலாம். அதோடு, அந்தக் கூடத்தில் இந்தியப் பகுதி பெரியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்பாடு செய்திருந்தது. கோஹினூர் வைரம் ஓர் இரும்புக் கூண்டுக்குள் இருந்தது. பாடம் செய்த யானை ஒன்றை இங்கிலாந்திலேயே தேடிப்பிடித்து, அதன் முதுகில் அம்பாரி ஏற்றி நிறுத்தினார்கள். திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியாவுக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனமும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. அது இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று தேடுவதே ஒரு சேகரிப்புக்குப் போதுமான வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிரிஸ்டல் பேலஸ் என்று தலைப்பிட்ட நூலெல்லாம் 1851-ஐப் பற்றியது ஆகாது. 1854-க்குப் பிறகு வந்த பல வழிகாட்டி நூல்கள் சிடனம் கட்டிடத்தைப் பற்றியவை. படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: ஹைட் பூங்கா கட்டிடத்தில் நடுவில் ஒரே ஒரு வளைகூரைக் குறுக்குக்கூடம் உண்டு, மற்றக் கூரை தட்டை. சிடனத்தில் நீள்கூடம் முழுவதும் வளைகூரை, குறுக்குக்கூடங்களும் கூடுதல், இரண்டு முனைகளிலும் உயரமான தண்ணீர்க் கோபுரங்கள். நியூயார்க்கிலும் 1853-இல் இதே பெயரில் ஒரு கண்ணாடி மாளிகை எழுந்து 1858-இல் எரிந்தது. அதற்கும் அழகான படநூல் இருக்கிறது. இணையத்தில் விற்பவர்கள் மூன்றையும் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள்.

நூலுக்கு முன்னால் லென்ஸ்

முதலில் வாங்க வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கை லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுவே போதும். பிறகு, விலை குறைந்த பழைய அச்சுத்தாள்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் அடையாளங்களைக் கண் பழகும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள்.

மர அச்சு. பாக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் நுண்ணிய உளியால் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் விழும். எழுத்து அச்சோடு சேர்த்து ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்ததால், எழுத்துக்கு நடுவிலேயே படம் வந்த பக்கமெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பாக்ஸ் மரம் சிறியது. அதனால் பெரிய படங்களுக்குப் பல கட்டைகளை ஒன்றாக முடுக்கிச் சேர்த்தார்கள். முழுப்பக்கப் படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடினால் அது கட்டைகள் சேர்ந்த இடம். அதைக் குறையென்று தள்ளாதீர்கள். பல கட்டைகள் சேர்ந்த படம் என்பதற்கு அதுவே சாட்சி.

எஃகுத் தகட்டு அச்சு. இதில் கோடுகள் தகட்டில் பள்ளமாக வெட்டப்பட்டு, மை அந்தப் பள்ளத்திலிருந்து தாளுக்கு ஏறுகிறது. லென்ஸில் பார்த்தால் கோடுகள் மயிரிழை போல இருக்கும். முனைகள் கூர்மையாக முடியும். விரலை மெல்ல வைத்தால் மை சற்றே மேடிட்டிருப்பது தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் அழுந்திய தடம் இருக்க வேண்டும். சில பிரதிகளில் ஓரம் வெட்டும்போது அந்தத் தடம் போய்விட்டிருக்கும். படம் தனித் தாளில், பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

கல்லச்சும் வண்ணக் கல்லச்சும். சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்சிடுவது கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிட்டால் அது குரோமோலித்தோகிராஃப். லென்ஸில் ஒழுங்கற்ற புள்ளிகளும் மணல் போன்ற சொரசொரப்பும், படத்தின் ஓரத்தில் சில நேரம் ஒரு நிறம் மயிரிழை விலகி நிற்பதும் தெரியும். நிறம் கெட்டியாக, கோந்து பூசியதுபோல ஒளிரும்.

நவீன மறுஅச்சு. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவில் வட்டமிட்டு நிற்கும். இந்தப் பூ தெரிந்தால் அது 1851 ஆக முடியாது, எவ்வளவு பழுப்பேறிய தாளாக இருந்தாலும். ஒழுங்கான கறுப்புப் புள்ளிகள் மட்டும் வரிசையாக இருந்தால் ஹாஃப்டோன். அது 1880-களுக்குப் பிறகு பரவிய முறை.

இன்னொன்றும் கண்ணில் படும். தனித் தாளாக, வண்ணம் தீட்டப்பட்டு, சட்டம் போட்டு விற்கப்படும் 1851 பத்திரிகைப் படங்கள். இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் அந்த ஆண்டு அப்படங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் வெளியிட்டது. வண்ணம் பின்னாளில் யாரோ ஏற்றியது. சுவருக்கு அழகுதான், சேகரிப்புக்கு ஆகாது.

எந்த நூல்கள், எந்த வரிசையில்

வாங்குவதற்கு முன் இணைய நூலகங்களில் ஒவ்வொரு நூலையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகங்கள் போன்ற இடங்களில் நல்ல ஸ்கேன்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து நீங்களே ஒரு பட அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்: படத்தின் எண், தலைப்பு, எதிர்ப்பக்க எண். விற்பவரிடம் கேள்வி கேட்கும்போது இந்த அட்டவணைதான் உங்கள் பலம்.

முதல் நூலாக ஒரு மறுஅச்சை வாங்குங்கள் என்றால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். ஆர்ட் ஜர்னல் பத்திரிகை வெளியிட்ட படப்பட்டியலின் மறுஅச்சை நியூயார்க்கின் டோவர் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்தது; பழைய புத்தகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பென்சிலால் குறிப்பெழுத, மேசையில் விரித்தே போட்டுவைக்க, பயணத்தில் கொண்டுபோக அதுதான் சரி. மூலப்பிரதியை அப்படிப் பாடுபடுத்தக் கூடாது.

அடுத்து, இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் 1851-இன் இரண்டு அரையாண்டுத் தொகுதிகள். ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்று, ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னொன்று. கட்டிடம் எழும்பிய விதத்திலிருந்து நிறைவு நாள் வரை வாரவாரம் நடந்ததெல்லாம் படத்தோடு இருக்கும். செலவுக்கு ஏற்ற பலன் இதைப்போல வேறு எதிலும் இல்லை என்பது என் கருத்து. தனி இதழ்களாக வாங்காதீர்கள். சிறப்பு இணைப்புகள் எங்கோ நழுவிப் போயிருக்கும்.

மூன்றாவது, ஆர்ட் ஜர்னல் படப்பட்டியலின் மூலப்பிரதி. லண்டனில் ஜார்ஜ் வர்ச்சூ வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர அச்சுப் படங்கள். கடைசியில் ரால்ஃப் வோர்னம் எழுதிய பரிசுக் கட்டுரை, கண்காட்சியை அழகுணர்ச்சிக்கான பாடமாகப் பார்ப்பது, தனிப் பக்க எண்களோடு சேர்ந்திருக்கும். கட்டுரைகள் இல்லாத பிரதிகளும் விற்பனைக்கு வருவதால் கேட்டு உறுதி செய்யுங்கள். ஐரோப்பிய வெள்ளி, பீங்கான், மரச்சாமான்களுக்கு இது பொக்கிஷம். இயந்திரங்களுக்கும் இந்தியாவுக்கும் இங்கே இடம் குறைவு.

அந்தக் குறையைத் தீர்ப்பது அதிகாரபூர்வ விளக்கப் பட்டியல். ஸ்பைசர் சகோதரர்களும் வில்லியம் க்ளோஸ் அச்சகமும் வெளியிட்ட மூன்று பெரிய தொகுதிகள், பிறகு ஒரு துணைத் தொகுதி. எந்த ஊரிலிருந்து என்ன பொருள் வந்தது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. இந்தியப் பகுதியில் சாயமரம், நார், எண்ணெய்வித்து, துணி என்று வரிசையாகப் படிக்கும்போது, கம்பெனி இந்த நாட்டை ஒரு மூலப்பொருள் கிடங்காக எப்படிப் பார்த்தது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு சேகரிப்பாளர் இந்த உண்மையை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். இதன் சுருக்கமான சிறு பட்டியல் அன்று ஒரு ஷில்லிங்குக்கு விற்றது. காகித அட்டை, மலிவுத் தாள். வந்தவர்கள் கையில் வைத்துக்கொண்டு நடந்ததால் நைந்துபோயின. பார்வையாளர் பென்சிலால் டிக் போட்ட பிரதி கிடைத்தால் சுத்தமான பிரதியை விட அதையே எடுங்கள். ஒருவர் எந்தக் கூடத்தில் நின்றார் என்பது அதில் இருக்கிறது.

எஃகுத் தகட்டு அச்சுக்கு ஜான் டாலிஸ் 1852-இல் வெளியிட்ட மூன்று தொகுதி வரலாறு. டாகரோடைப் என்னும் வெள்ளித்தகட்டுப் புகைப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய படங்கள் இதில் உண்டு. சிலைகளின் நிழல் விழும் விதத்தில் கேமராவின் பார்வை தெரியும். முழுமையான பிரதி கிடைப்பது கடினம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இனி வண்ணம். இங்கிருந்து பணம் கனமாகிறது. மாத்யூ டிக்பி வையட் தொகுத்து டே அண்ட் சன் நிறுவனம் 1851-க்கும் 1853-க்கும் இடையே வெளியிட்ட இரண்டு தொகுதி நூலில் 160 வண்ணக் கல்லச்சுப் படங்கள். கண்காட்சிப் பொருள்களை இவ்வளவு உயிரோடு காட்டும் நூல் அந்தக் காலத்தில் அபூர்வம். டிக்கின்சன் சகோதரர்கள் 1854-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டதில் 55 படங்கள். ஆல்பர்ட் இளவரசருக்காக ஜோசப் நாஷ், லூயி ஹாக், டேவிட் ராபர்ட்ஸ் ஆகியோர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களிலிருந்து எடுத்தவை. வையட் பொருள்களைக் காட்டுகிறார் என்றால் டிக்கின்சன் கூடத்தைக் காட்டுகிறது: சிவப்புத் துணி தொங்கும் பந்தல்கள், மேலே ஓவன் ஜோன்ஸ் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்துத் தீட்டிய இரும்புச் சட்டங்கள், கீழே நடமாடும் மக்கள். முழுத் தொகுப்பு ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். பெரும்பாலானோர் நூலகத்தில்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போகலாம்.

ஓவன் ஜோன்ஸ் 1856-இல் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலும் இந்தக் குடும்பம்தான். அதிலுள்ள இந்திய அலங்காரங்களில் பல 1851 கூடத்தில் அவர் பார்த்தவை. முதல் பதிப்பு மிகப் பெரிய அளவு, 100 படங்கள். பின்னால் வந்த சிறிய பதிப்பில் 112. படம் கூடுதல் என்பதால் அதுதான் முதல் பதிப்பு என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

புகைப்படம் கடைசி. கண்காட்சிப் பொருள்களுக்குப் பரிசு தீர்மானித்த நடுவர் குழுக்களின் அறிக்கைகளுடைய சாதாரணப் பதிப்பு 1852-இல் வந்தது, படமில்லாதது, விலையும் அதிகமில்லை. அதே அறிக்கைகளின் சிறப்புப் பதிப்பு நான்கு தொகுதி; ஹ்யூ ஓவன், கிளாட்-மரி ஃபெரியே ஆகியோர் எடுத்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் கையால் ஒட்டப்பட்டவை. மன்னர்களுக்கும் அரசுகளுக்கும் பரிசாகக் கொடுக்க என்றே மிகச் சில பிரதிகள் செய்தார்கள். தாளில் புகைப்படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட்டுக்குத் தம் காப்புரிமைக்கு ஈடாகக் கிடைத்தவை 15 பிரதிகள். புகைப்பட நூல்களின் வரலாற்றில் இதற்கு மிக உயர்ந்த இடம். நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு தனிப் புகைப்படம் எப்போதாவது ஏலத்துக்கு வரும், கண்ணை அங்கே வைத்திருங்கள்.

வாங்கும் நேரம்

இந்த நூல்களுக்குப் பெரிய எதிரி கத்தி. டாலிஸ் போன்ற நூலை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, சட்டம் போட்டு விற்றால் முழு நூலின் விலையைவிட அதிகம் கிடைக்கிறது. நூற்றெழுபது ஆண்டு தாங்கிய ஒரு நூலை ஒரே மத்தியானத்தில் கொல்லும் இந்த வியாபாரம் எனக்குப் பொறுக்காதது. அறுத்த தாள்களை வாங்காமல் இருப்பது சேகரிப்பாளர் செய்யக்கூடிய முதல் நற்செயல். அறுத்த மிச்சம் முழு நூல் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதும் உண்டு. ஆகவே, விற்பவரிடம் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல வியாபாரி எண்ணிப் பார்த்துப் பதில் சொல்வார். எண்ண நேரமில்லை என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு கட்டுமானம். 1830-களின் பிற்பாதியிலிருந்து சில பத்தாண்டுகள், தனித் தாள் படங்கள் நிறைந்த நூல்களைத் தைக்காமல், முதுகில் ரப்பர் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். குட்டா பெர்ச்சா கட்டு என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். ரப்பர் காய்ந்து பொடியானதும் தாள்கள் அட்டையிலிருந்து கொட்டிவிடும். பெரிய வண்ணப்பட நூல்களில் இது சாதாரணம். தாள்கள் கழன்றிருப்பதால் மட்டும் விலக்க வேண்டாம். எல்லாத் தாளும் இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கி, நல்ல கட்டுநரிடம் தைக்கக் கொடுக்கலாம். மூல அட்டையைப் பாதுகாத்துத் தைக்கச் சொல்லுங்கள். கழன்ற தாள்களின் ஓரம் கிழிந்திருக்கிறதா என்பது மட்டும் முக்கியம்.

பழுப்புப் புள்ளிகள் எஃகு அச்சுப் படங்களில் மிகுதி. ஓரத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், படத்தின் முகத்தில் இருந்தால் வேண்டாம். ப்ளீச் செய்து வெளுத்த தாள் பார்க்கச் சுத்தமாக இருக்கும், தொட்டால் உயிரில்லாமல் இருக்கும். அதைவிடப் புள்ளியே மேல். நூலகம் கழித்த பிரதிகளில் முத்திரை படத்தின் மேலேயே குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நூலகம் கழித்ததற்கான அடையாளமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெளியே வந்த வழியைக் கேளுங்கள்.

புகைப்படம் கேளுங்கள்: அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்பாளர் பெயர், மோசமான பக்கம் ஒன்று, நல்ல படம் ஒன்று லென்ஸ் வழியாக. ஆண்டு 1851 என்று போட்டு, ஸ்கேனிலிருந்து அச்சிட்ட புது நூலை விற்பது இணையத்தில் பெருகிவிட்டது. அட்டையின் படத்தைக் காட்டாத பட்டியலைத் திறக்கவே வேண்டாம்.

எங்கே தேடுவது? பெரும் சந்தை பிரிட்டன்தான். லண்டனின் செசில் கோர்ட் தெரு, வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை ஊர், அங்கத்திய ஊர்களில் நடக்கும் பழைய நூல் சந்தைகள். பழம்நூல் வியாபாரிகளின் பன்னாட்டுச் சங்க உறுப்பினர்களிடம் வாங்கினால் விவரணையில் தவறிருந்தால் திருப்பித் தரும் மரபு இருக்கிறது. மாகாண ஏல நிறுவனங்களில் மூன்று நான்கு நூல்களைக் கட்டாகப் போடுவார்கள். ஏலக் கமிஷன், வரி, அனுப்பும் செலவு எல்லாம் கூட்டிய பிறகே உங்கள் உச்ச விலையை எழுதுங்கள். எடை மறக்க வேண்டாம்: இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸின் ஒரு தொகுதியை ஒரு கையால் தூக்க முடியாது. இந்தியாவுக்குள் வரும்போதான சுங்கத்தைக் கூரியரிடம் முன்கூட்டியே கேட்டு, ரசீதில் நூலின் பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட தொகுதிகள் நடைபாதையில் கிடைத்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 1985 தீக்குப் பிறகு அந்த உலகம் இல்லை. இன்று நம் ஊரில் கிடைக்க வழி, பழைய ஜமீன், கிளப், கல்லூரி நூலகங்கள் கழிக்கும் நூல்கள். கொல்கத்தாவின் காலேஜ் தெருவிலும் விசாரித்து வைக்கலாம். இங்கே வாங்கியதை வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தை நினைவில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

நம் வெப்பத்தில் காப்பது

1851-இன் நல்ல தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. வலுவானது. ஆனால் கடற்கரை ஊரின் ஈரக் காற்று அதற்குப் பழக்கமில்லாதது. காற்றின் ஈரப்பதம் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் இடையே நிற்கும்படி வைத்தால் பூஞ்சையும் வராது, தோல் அட்டையும் வெடிக்காது. ஒரு சின்ன ஈரப்பதமானியை அலமாரிக்குள் வையுங்கள். பகலில் ஏசி, இரவில் அணைப்பது என்று ஏற்றி இறக்குவதைவிடச் சீராக இருப்பது முக்கியம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். அடித்தட்டில் எதுவும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய அளவு நூல்களைப் படுக்க வையுங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் அடுக்காமல். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். துவைத்த பருத்தித் துணியோ அமிலமில்லாத தாளோ போதும். படங்களுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தாள் பழுத்து, படத்தின் மேல் நிழல் பதித்திருந்தால் அதை மாற்றிப் புதிய அமிலமில்லாத தாளை வைக்கலாம். பழையதை ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாச்சை உருண்டையின் நெடி தாளுக்கும் உங்களுக்கும் கேடு. வேப்பிலையும் வசம்பும் சுவடிக்கு உதவிய பழைய முறைகள். துணியில் முடிந்து ஓர் ஓரத்தில் வைக்கலாம், நூலின் நடுவில் நேராக வைத்தால் கறை பிடிக்கும். ராமபாணப் பூச்சியோ துளைக்கும் புழுவோ வந்துவிட்டால், அந்த நூலை உடனே தனியாக எடுத்து, காற்றுப்புகாத பையில் இறுகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, பையைத் திறக்காமலேயே அறை வெப்பத்துக்கு ஒரு நாள் வர விடுங்கள். பழைய புகைப்படம் ஒட்டிய நூலுக்கு இதைச் செய்யாமல் காப்பு நிபுணரிடம் போங்கள்.

கையுறை தேவையில்லை. கழுவி உலர்த்திய கைக்குத்தான் தாளின் ஓரம் தெரியும். செலோ டேப், லேமினேஷன், தோலுக்கு எண்ணெய் இவை மூன்றும் ஒருபோதும் வேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பதிவேடு எழுதுங்கள். வாங்கிய நாள், யாரிடம், விலை, பட எண்ணிக்கை, குறைகள், முந்தைய உரிமையாளரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைத் தேடிப் போனால் சில நேரம் 1851-இல் அங்கே நடந்த ஒருவரிடம் போய்ச் சேரலாம்.

அடுத்த கூடங்கள்

1851 கைக்கு வந்தபின் அதன் உறவினர்களைத் தேடலாம். 1862 லண்டன் கண்காட்சிக்கு வேரிங் தொகுத்த மூன்று தொகுதி வண்ணக் கல்லச்சு, முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களோடு. இந்தியாவில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1883 ஜெய்ப்பூர் கண்காட்சிக்கு ஹெண்ட்லி எழுதி, கிரிக்ஸ் அச்சிட்ட நான்கு தொகுதி. 1903 டெல்லிக் கண்காட்சிக்கு ஜார்ஜ் வாட் எழுதிய பெரும் பட்டியலில் தென்னிந்தியக் கைவினைகளும் புகைப்படத்தோடு வருகின்றன. 1888 கிளாஸ்கோ கண்காட்சிக்காக டி. என். முகர்ஜி தொகுத்த நூலில் இந்தியப் பொருள்களைப் பற்றி ஓர் இந்தியரே பேசுகிறார்.

மதராஸிலேயே 1855-இலும் 1857-இலும் கண்காட்சிகள் நடந்தன. ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர், அருங்காட்சியகத்தைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர் போன்றவர்கள் அதில் முன்நின்றார்கள். 1855-இல் லின்னேயஸ் டிரைப் தம் புகைப்படங்களைக் காட்டியது அங்கேதான். அந்த ஆண்டின் நடுவர் அறிக்கைகளில் படம் அதிகமில்லை. ஆனால் தமிழக ஊர்ப் பெயர்கள், சாயங்கள், நெசவுகள் பக்கம் பக்கமாக வருகின்றன. வாங்கக் கிடைப்பது அரிது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய தொகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

1893 சிகாகோவை நாடுகிறவர்களுக்கு விவேகானந்தர் ஒரு காரணம். அளசிங்கப் பெருமாளும் சென்னை நண்பர்களும் பணம் திரட்டி அனுப்பிவைத்த அந்தப் பயணத்தில் அவர் பேசிய சர்வமத மாநாடு, அந்த உலகக் கண்காட்சியின் துணை நிகழ்ச்சியாக நடந்தது. ஜான் ஹென்றி பாரோஸ் அதே ஆண்டு வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் உரைகளும் படங்களும் இருக்கின்றன. சிகாகோ நூல்கள் ஹாஃப்டோன் காலத்தவை. பல பளபளப்பான களிமண் பூச்சுத் தாளில் அச்சானவை. அந்தத் தாள் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். நனைந்துவிட்டால் காயவிடாமல் ஈரத்தோடேயே பக்கங்களுக்கு இடையே தாள் வைத்துப் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் அப்படியே உறையவைத்து, காப்பு நிபுணரிடம் கொண்டுபோகும்வரை வெளியே எடுக்கக் கூடாது.